‘ஊரில எவடம்?’ என்று கேட்பவருக்கு என்ன சொல்வது

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். சந்திக்கிற தமிழர்கள் முதலில் “எந்த ஊர்?” என்கிறார்களாம். பதில் சொன்னதும் “ஊரில எவடம்?”, அதாவது ஊருக்குள் எந்த இடம், என்கிறார்களாம். அலுவலகத்தில் சிங்கள நண்பர்கள் “உன்னைப் பார்த்தால் தமிழ் என்றே தெரியாது” என்று பாராட்டுகிறார்களாம். சலித்துப்போய் “நான் இலங்கையன்” என்று மட்டும் சொன்னால், நழுவுகிறாய் என்று இரண்டு பக்கமும் சிரிக்கிறார்களாம். போதாததற்கு அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பிறப்புப் பதிவில் ‘இனம்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று வீட்டில் வாக்குவாதம். முத்திரை குத்தாமல் மனிதர்கள் பழகவே மாட்டார்களா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கடைசி வரி பெரிய கேள்விதான். ஆனால் அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படித்தால் அவரை உறுத்துவது வேறு என்று தெரிகிறது. தன்னை யாரென்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, தான் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்ற இரண்டும்தான் அவரைக் குடைகின்றன. அதற்கே, அவரிடம் நேரே பேசுவதுபோல, பதில் சொல்கிறேன். நான் சமூகவியல் படித்தவன். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வீடாகப் போகும் ஆய்வுகளுக்கு வினாத்தாள் தயாரிப்பதும், களத்தில் நிற்பவர்களை மேற்பார்வை செய்வதும் நெடுங்காலம் என் தொழில். அதனால் ‘இனம்’ என்ற கட்டத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம். சட்டத்தரணியும் இல்லை, உளவியலாளனும் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது சொல்லிவிட்டே போகிறேன்.

அந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். மட்டக்குளியில் ஒரு வீடு. கதவைத் திறந்தவர் பாட்டி. மகன் வேலைக்குப் போய்விட்டார். இனம் என்று கேட்டதும் “தமிழ் எண்டு போடுங்கோ” என்றார். உள்ளேயிருந்து மருமகள் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மருமகள் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பாவைப் பெற்றவர் வீட்டில் தமிழ் பேசியவர். அப்பாவின் காலத்தில் பள்ளிக்கூடம் சிங்களமானது, இப்போது அந்தக் குடும்பமே சிங்களக் குடும்பம். பாட்டியின் கணவரோ கேரளத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கிவிட்ட மலையாளி. பேரப்பிள்ளைகள் இருவரும் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள், பாட்டியோடு மட்டும் தமிழ். இத்தனைக்கும் படிவத்தில் இருப்பது ஒரே கட்டம். பாட்டி சொன்னபடியே ‘தமிழ்’ என்று எழுதப்பட்டது. பின்னேரம் வந்திருந்தால் மருமகள் கதவைத் திறந்திருப்பார், வேறு விடை கிடைத்திருக்கும். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் இப்படிப்பட்ட வீடுகள் அபூர்வமே இல்லை. ஆனால் அறிக்கையில் சதவீதமாக அச்சாகும்போது அந்தத் தயக்கம் எதுவும் தெரியாது.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவை. இந்த நாட்டில் இன்று நாம் ஏதோ ஆதியிலிருந்தே இருப்பவை போலப் பேசும் பிரிவுகளில் பல, அலுவலகத்து மேசையில் கோடு போடப்பட்டவை. இலங்கையில் முறையான முதல் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் (பெரும்பாலும் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்) என்று தமிழரை இரண்டாகப் பிரித்து எண்ணியது 1911இல்தான். சிங்களவரையும் கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று நெடுங்காலம் தனித்தனியாக எண்ணினார்கள். 1981இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இன்று உங்கள் அலுவலகத்துச் சிங்கள நண்பர்களிடம் நீங்கள் கரையோரமா கண்டியா என்று கேட்டால், கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தமிழரிடையே போட்ட கோடு மட்டும் அழியவில்லை. அதற்குக் காரணம் எண்ணிக்கையோடு அது நிற்கவில்லை என்பதுதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்தக் கோட்டுக்கு அந்தப்புறம் இருந்த ஏழு லட்சம் பேரளவில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் இந்த ஒரு சொல் கடவுச்சீட்டையும் வாக்குச்சீட்டையும் தீர்மானித்தது. வீட்டில் வாக்குவாதம் வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் மக்கள் கோட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கவும் இல்லை. 1981இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் நாட்டின் சனத்தொகையில் 5.5 சதவீதம். 2012இல் 4 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அத்தனை பேரும் கப்பல் ஏறவில்லை. போனவர்களும் உண்டு, பிறப்பு வீதமும் மாறியது, கணிசமானோர் தங்களை இலங்கைத் தமிழர் என்று எழுதச் சொன்னதும் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள், படிவத்தில் அதற்கான கேள்வியே கிடையாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கிறது. இந்தியத் தமிழர் என்பதை விட்டுவிட்டு மலையகத் தமிழர் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, இருநூறு வருட வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள். ஒரு பகுதியினர் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள், இன்னொரு பகுதியினர் நின்ற இடத்தின் பெயரை மாற்றினார்கள். இரண்டுமே நியாயமான முடிவுகள். ஒன்றைத் துரோகம் என்றும் மற்றதை வறட்டுப் பிடிவாதம் என்றும் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

முஸ்லிம்களின் கதையும் இதே வகைதான். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல், சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகரான ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். சட்டசபையில் யார் யாருக்காகப் பேசுவது என்ற விவகாரம் அதற்குப் பின்னால் இருந்தது. தமிழ்நாட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் தன்னைத் தமிழர் என்பார். மருதானையில் அதே தமிழைப் பேசும் முஸ்லிம் அப்படிச் சொல்ல மாட்டார். அவரிடம் போய், நீங்களும் தமிழர்தானே என்று அன்பாக வற்புறுத்துவதும் முத்திரை குத்துவதுதான். நம்மவர்கள் இதைச் சுலபமாக மறந்துவிடுகிறோம். இந்திய வழிவந்த சிறு சமூகங்களான கொழும்புச் செட்டிகளும் பாரதரும் 2001 குடிசன மதிப்பில் தனிப் பிரிவாக வந்ததும் அவர்கள் கேட்டு வாங்கியதுதான்.

சரி, கொழும்புக்கு வருவோம். 2001 கணக்கின்படி மாநகர எல்லைக்குள் சிங்களவர் சுமார் 41 சதவீதம், இலங்கைத் தமிழர் 29, சோனகர் 24. யாருக்கும் பாதி இல்லை. இப்படிப்பட்ட நகரத்தில் எதிரே நிற்பவரிடம் எந்த மொழியில் பேசுவது, சாப்பாட்டில் மாடு இருக்கிறதா பன்றி இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமா, இன்று போயா தினமா நோன்பா என்று கவனித்து நடக்க வேண்டியிருக்கிறது. “எந்த ஊர்?” என்ற கேள்வியில் ஒரு பகுதி இந்த அன்றாடத் தேவைதான். கோல்ஃபேஸில் இஸ்ஸோ வடை விற்பவர் முகத்தைப் பார்த்து மூன்று மொழியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் காயம் இல்லை.

இன்னொரு பகுதி அவ்வளவு சாதாரணமில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு ஊர்ப் பெயர் சோதனைச் சாவடியில் சொல்ல வேண்டிய பதில். தேசிய அடையாள அட்டையில் இனம் என்று ஒன்று அச்சிடப்படவில்லை. ஆனால் சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழ் பேசுபவரின் அட்டையில் தமிழும் இருந்தது, பிறந்த இடமும் இருந்தது. அட்டையைக் கையில் வாங்கிய பொலிஸ்காரருக்கு அது போதும். இரண்டு மொழியும் எல்லார் அட்டையிலும் வந்தது 2014இல்தான். 2007 ஜூனில் வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரை இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அந்தக் காலத்தைக் கடந்தவர்கள் “எந்த ஊர்?” என்று கேட்கும்போதும் குரல் தாழ்ந்துதான் வரும், கேட்கப்படும்போதும் பதில் யோசித்துத்தான் வரும். உங்களுக்கு அறை தந்திருக்கும் வீட்டுக்காரர் ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

“ஊரில எவடம்?” இரண்டாவது கேள்வி. இதைப் பூசி மெழுகத் தேவையில்லை. வடக்கில் பல ஊர்களில் குறிச்சி (ஊரின் உட்பகுதி) சாதியைச் சொல்லிவிடும், கோயில் சொல்லிவிடும். ஆகவே சாதியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்பதற்கு இது நெடுநாள் வழக்கம். அடுத்து “எந்தக் கோயிலடி?”, “அப்பா என்ன செய்தவர்?”, “இன்னாரைத் தெரியுமோ?” என்று போகும். மலையகத்துக்காரரிடம் இதே விசாரணை வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வரும். “டவுனா தோட்டமா?”, தோட்டம் என்றால் “அப்பா ஸ்டாஃபா?” கொழுந்து பறித்த குடும்பமா, கணக்கப்பிள்ளை வீடா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. ஆனால் இதே கேள்வியை ஊரைவிட்டு வந்து தெரிந்த முகம் தேடும் மனிதரும் கேட்பார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எவடம் என்று கேட்டுவிட்டு, தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவரின் வீடு அங்கேதான் என்று கண்கலங்கி நின்றதையும் பார்த்திருக்கிறேன். கேள்வி ஒன்றுதான். அதை வைத்துக் கேட்டவரை எடை போட முடியாது.

எதை வைத்து எடை போடலாம் என்றால், பதில் கிடைத்தபிறகு நடப்பதை வைத்துத்தான். வினாத்தாள் வேலையில் நாங்கள் எப்போதும் பார்ப்பது அதைத்தான்: இந்தத் தகவல் எதற்கு, இதனால் யாருக்கு என்ன மாறும். பதில் சொன்னபிறகு பேச்சு நீண்டால், தேநீர் வந்தால், அடுத்த தடவை உங்கள் ஊர் மழையைப் பற்றி விசாரித்தால், அது பழக்கம். பதில் சொன்னபிறகு “அறை இன்னொருவருக்குப் பேசிவிட்டோம்” என்று தொலைபேசி வந்தால், உங்களுக்கு மட்டும் குவளை மாறினால், அதுவரை “நீங்கள்” என்றவர் “நீர்” என்று இறங்கினால், அது வடிகட்டல். இதில் சந்தேகத்துக்கு இடமுண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அறை வேறொருவருக்குப் போயிருக்கலாம். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுகட்டாமல், அதே வீட்டுக்காரர் அதே வாரத்தில் அந்த அறைக்கு மறுபடி விளம்பரம் போடுகிறாரா என்று பார்ப்பது நல்லது.

“தமிழ் என்றே தெரியாது” என்ற பாராட்டுக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதை விளக்கியிருக்கிறார். ஒரு கூட்டத்தைப் பற்றி ஒருவர் மோசமான எண்ணம் வைத்திருக்கிறார், அதற்குப் பொருந்தாத ஓர் ஆளைச் சந்திக்கிறார். எண்ணத்தை மாற்றுவதற்குப் பதில் அந்த ஆளை மட்டும் விதிவிலக்காக்கிவிட்டு, எண்ணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். வேலியில் பொட்டு (ஆள் நுழையும் இடைவெளி) விட்டு ஒருவரை உள்ளே எடுத்துவிட்டு மறுபடி அடைத்துவிடுகிற மாதிரி. உங்கள் நண்பர்கள் உங்களிடம் காட்டும் அன்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாமும் இதையே செய்கிறோம். “முஸ்லிம் எண்டாலும் நல்ல மனுசி” என்ற வசனத்தை வெள்ளவத்தைச் சந்தையில் நின்றால் அரைமணி நேரத்தில் கேட்கலாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நெடுங்காலம் பழகிய பக்கத்து வீட்டாரைப் பற்றிக்கூட அப்படி விதிவிலக்குக் கொடுத்துப் பேசினார்கள்.

முத்திரை இல்லாமல் மனிதர் பழகுவாரா என்ற பெரிய கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை அவ்வளவு ஆறுதலானதல்ல. ஹென்றி தஜ்ஃபெல் என்பவர் 1970 அளவில் பிரித்தானியப் பள்ளி மாணவரிடம் ஒரு பரிசோதனை செய்தார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார். கூடுதலாகச் சொன்னவர்கள், குறைவாகச் சொன்னவர்கள் என்று இரண்டு குழு என்றார். உண்மையில் குழு பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு மற்ற மாணவருக்குப் பணம் பங்கிடச் சொன்னால், முகம் தெரியாத சொந்தக் குழுக்காரருக்கே கூட்டிக் கொடுத்தார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். வகைப்படுத்துவது மனதின் சாதாரண வேலை என்பதும், அதிலிருந்து பாரபட்சம் மிகச் சுலபமாக முளைக்கும் என்பதும் பிறகு பலமுறை உறுதியான விஷயங்கள். ஆனால் வரலாறு இல்லாத புள்ளிக் குழுவுக்கும், 1983 ஜூலையைப் பார்த்த நகரத்துக்கும் உள்ள தூரம் பெரிது. பள்ளிப் பையன்களின் நடத்தையை அப்படியே தூக்கி வந்து வெள்ளவத்தையில் வைக்கக்கூடாது. அதேபோல, வேறு குழுவினரோடு பழகினால் பாரபட்சம் குறையும் என்று பெட்டிக்ரூ, டிரொப் என்ற உளவியலாளர்கள் 2006இல் 515 ஆய்வுகளைத் திரட்டிக் காட்டினார்கள். அதுவும் சராசரியில் ஓரளவுதான். எல்லா இனத்தவரும் கலந்து வேலை செய்யும் அலுவலகத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது என்று சொல்லலாம், எல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது.

“இலங்கையன்” என்று மட்டும் சொல்வது ஏன் எடுபடுவதில்லை? அது பிழையான பதில் இல்லை. ஆனால் யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறும். 2009 மே 19ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில், இனிச் சிறுபான்மை என்று யாரும் இல்லை, நாட்டை நேசிப்பவர், நேசிக்காதவர் என்ற இரு கூட்டம்தான் என்றார். முத்திரைகளை அழிப்பதாகச் சொல்லி இன்னும் கனமான முத்திரை ஒன்றைக் குத்திய பேச்சு அது. மேலிருந்து ‘எல்லாரும் ஒன்று’ என்று சொல்லப்படும்போது சிறுபான்மையினர் முகம் சுளிப்பது அதனால்தான். இதற்கு ஒரு நடைமுறைப் பக்கமும் உண்டு. மலையகத் தமிழர் என்ற பிரிவு கணக்கிலிருந்து மறைந்தால், லயன் அறைகளில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எத்தனை குடும்பம், வீடு கட்டத் தரும் ஏழு பேர்ச் காணி எத்தனை பேருக்குக் கிடைத்தது, தோட்டப் பிள்ளைகள் எந்த வகுப்போடு நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்து மறையும். ஆட்களைத் தாழ்த்தப் பயன்பட்ட அதே பிரிவை வைத்துத்தான் குறைகளை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தச் சிக்கலுக்குச் சுத்தமான தீர்வு எந்த நாட்டிலும் கிடையாது.

சட்டம் பற்றி, சட்டத்தரணி அல்லாதவனாக, இரண்டு வார்த்தை. அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றால் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 12(3) கடை, பொது உணவகம், விடுதி போன்ற இடங்களுக்கும் இதை விரிக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு போடுவது அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி) வாடகைக்கு விடும் தனியார், தம் இனத்தாருக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்றால் அந்த வழியில் அவரைப் பிடிப்பது கடினம். அலுவலகத்தில் பதவி உயர்வு, இடமாற்றம் என்று வந்தால் கதை வேறு, அப்போது ஒரு சட்டத்தரணியிடம் நேரில் கேளுங்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? “எந்த ஊர்?” என்றால் பண்டாரவளை என்று சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த கேள்விக்கு நீங்களே இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். “எவடம்?” என்றால் “ஏன், அந்தப் பக்கம் ஆக்கள் இருக்கினமோ?” என்று திருப்பிக் கேளுங்கள். சொந்தம் தேடுபவர் உடனே கதை சொல்லத் தொடங்குவார். வேறு நோக்கம் உள்ளவர் தடுமாறுவார், நீங்கள் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்ல வேண்டியிருக்காது. அலுவலக நண்பரிடம், நெருக்கம் இருந்தால் மட்டும், தனியாக இருக்கும்போது, “தமிழ் என்று தெரிந்தால் எப்படி இருந்திருக்க வேண்டும்?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். சபையில் கேட்காதீர்கள், மானப் பிரச்சினையாகிவிடும். “தோட்டக்காட்டான்” என்று யாராவது சொன்னால் மட்டும் இந்த நாசூக்கு எதுவும் வேண்டாம். அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

குழந்தையின் பதிவு. இலங்கைத் தமிழர் என்று போட்டால் மலையகத்தை மறுத்ததாகாது, இந்தியத் தமிழர் என்று போட்டால் பிள்ளை அந்நியராகவும் ஆகாது. பிரசைதான், இரண்டிலும் உரிமை ஒன்றுதான். அக்காவும் அத்தானும் முடிவு செய்யட்டும், மாமன்மார் கருத்துச் சொல்லிவிட்டு ஒதுங்கட்டும். எந்தெந்தப் பெயரில் பதிய முடியும் என்பதைப் பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் எழுத்துக்கூட்டலோடு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சேர்ப்பு, அடையாள அட்டை விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். ஒரு பத்திரத்தில் ஒன்றும் இன்னொன்றில் வேறொன்றுமாக இருந்தால் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் இடையில் அலைய வேண்டிவரும். குடிசன மதிப்புக்காரர் வரும்போது பத்திரம் எதுவும் காட்டத் தேவையில்லை, அன்று வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுதவேண்டும். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நேரமாக அவர் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.